ஹனேடாவுக்கு ஒரு காலை விமானம்

ஓடினேன்.

வலது கையில் துணி மூட்டை. உள்ளே பன்னிரண்டு பிரதிகள், ஒவ்வொன்றும் எழுபது பக்கம். இடது கையில் செல்போன். அதில் என் உதவியாளர் சுகயா முனகிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கும் மனிதர்.

“டோகாஷி சான்... என்னால வர முடியாது. நேத்து கல் சிப்பி சாப்பிட்டேன். பச்சையா. ஒரு பதினாலு இருக்கும்.”

“பதினாலா! ஐயோ சுகயா சான், இன்னைக்கு என்ன நாள்னு தெரியுமா, தெரியாதா?”

“தெரியும். அந்த டென்ஷன்லதான் சாப்பிட்டேன்.”

அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. கதவு சாத்தும் சத்தம் கேட்டது. எந்தக் கதவு என்று விசாரிக்கவில்லை.

நமிசாகி விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவு திறந்தபோது மணி 9.41. டோக்கியோவின் ஹனேடாவுக்குப் போகும் விமானம் 10.05க்கு. உள்ளே நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். சாதாரண வியாழக்கிழமையில் இங்கே நூறு பேரைப் பார்த்தால் அதிசயம். இன்று ரேஷன் கடை மாதிரி கூட்டம்.

“குமோஹராவுல மூடுபனி. அவங்க காலை விமானம் ரத்து. பஸ்ல எல்லாரையும் இங்க கொண்டுவந்து இறக்கிட்டாங்க. நம்ம விமானம் ஃபுல். காத்திருப்புப் பட்டியல்ல முப்பத்தெட்டு பேர்” என்றாள் கவுண்டரில் இருந்த இனாபா. ஆறு வருடமாகப் பழக்கம். “உங்க ரெண்டு சீட்டும் பத்திரமா இருக்கு. பதினேழு ஏ, பதினேழு பி. சுகயா சான் எங்கே?”

வாயைத் திறந்தேன். அவர் வரவில்லை, அந்த இருக்கையை யாருக்காவது கொடுத்துவிடு என்று சொல்லத்தான் திறந்தேன்.

அப்போதுதான் அவளைப் பார்த்தேன்.

காத்திருப்போர் வரிசையில் ஏழாவது ஆள். சாம்பல் நிறக் கோட்டு, நனைந்த காலணி, மார்போடு அணைத்த நீலக் கோப்பு. மினேகாவா சாயோ. குமோஹரா விமான நிலையத்தின் வழித்தட வளர்ச்சிப் பிரிவுத் தலைவி. மலைக்கு அந்தப் பக்கம் அவள் என்ன வேலை பார்க்கிறாளோ, மலைக்கு இந்தப் பக்கம் நான் அதையே பார்க்கிறேன். நடுவில் ஒரு சுரங்கப்பாதை, பஸ்ஸில் ஐம்பது நிமிடம்.

இன்று மதியம் இரண்டு பேரும் ஒரே அறைக்குள் போகிறோம். அவள் 1.30க்கு. நான் 2.10க்கு.

ஹனேடாவில் புதிதாக ஒரே ஒரு ஸ்லாட் கிடைக்கப் போகிறது. ஒரு விமானம் தினமும் ஒரு தடவை இறங்கி ஏறும் உரிமை, அவ்வளவுதான். அதற்கு நாட்டின் சின்ன விமான நிலையங்கள் ஏழு போட்டி. ஒவ்வொரு நிலையமும் ஐந்து பேர் கொண்ட நடுவர் குழு முன்னால் நாற்பது நிமிடம் பேச வேண்டும். அதிக மதிப்பெண் வாங்குகிறவருக்கு ஸ்லாட். தாமதமாக வருகிறவர் போட்டியிலேயே இல்லை. விதி அப்படி.

வரிசையில் ஆறாவது எண் வரைக்கும் கூப்பிட்டுவிட்டார்கள். ஏழாவது எண்ணுக்கு ஒரு இருக்கை வேண்டும். அந்த இருக்கை என்னிடம் இருந்தது.

“டோகாஷி சான்? சுகயா சான் வர்றாரா இல்லையா?”

“வந்துட்டே இருக்கார்” என்றேன்.

பொய். இவ்வளவு சுலபமாக வருமென்று எனக்கே தெரியாது.

கேட்டுக்குப் போனேன். ஜன்னலோரம் யசுஹாரா உட்கார்ந்திருந்தார். ஊரின் பெரிய தொழிற்சாலை அவருடைய பொறுப்பு. கப்பல் எஞ்சினுக்கு வால்வு செய்கிறார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து தலை குனிந்தார்.

“இன்னைக்குத்தானே? ஜெயிச்சுட்டு வாங்க. வாடிக்கையாளர் எல்லாம் காலையில பத்து மணிக்கு மீட்டிங் வைக்கிறாங்க. நம்ம முதல் விமானம் அங்க போய்ச் சேரும்போது பதினொன்னு இருபது. முந்தின நாளே போய் ஹோட்டல்ல படுக்க வேண்டியிருக்கு. போன வருஷம் நூத்தி அறுபது நாள் வெளியில தூங்கியிருக்கேன். என் பொண்ணு என்னை ‘விருந்தாளி’ன்னு கூப்பிடுறா.”

“இந்தத் தடவை கண்டிப்பா...”

“கண்டிப்பா கிடைக்கணும்” என்று குரலைத் தாழ்த்தினார். “தலைமையகத்துல சொல்லிட்டாங்க. காலை விமானம் வரலைன்னா வடிவமைப்புப் பிரிவை டோக்கியோ பக்கம் தூக்கிடுவாங்க. தொண்ணூறு குடும்பம். எங்க ஊர் ஆரம்பப் பள்ளியில பாதி வகுப்பு காலியாயிடும்.”

அந்தத் தொண்ணூறு குடும்பமும் எனக்குத் தெரியும். அதில் இருபது பேராவது என் தெரு.

9.58. கதவு மூடப்போகும் அறிவிப்பு வந்தது. நான் 17ஏயில் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டேன். 17பி காலி. விமானத்திலேயே அந்த ஒன்றுதான் காலி. அதைப் பார்க்கப் பார்க்க வயிற்றுக்குள் ஏதோ இனிப்பாக ஊறியது. வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் இனிப்பு இனிப்புத்தான்.

பத்து மணிக்கு, நனைந்த காலணி ஒன்று நடைபாதையில் கிறீச் கிறீச்சென்று வந்தது.

“என்ன டோகாஷி, எனக்குன்னே சீட்டு போட்டு வெச்சிருக்கியா?”

மினேகாவா உட்கார்ந்தாள். கோப்பை மடியில் வைத்தாள். மூச்சு வாங்கச் சிரித்தாள்.

“அந்தக் கவுண்டர் பொண்ணு பாவம். ‘அவர் வந்துட்டே இருக்கார், வந்துட்டே இருக்கார்’னு கடைசி நிமிஷம் வரைக்கும் என்னை நிக்க வெச்சுட்டா. உன் ஆளு எந்த வழியா வர்றாரு? நீந்தியா?”

“வயித்து வலின்னு இப்பத்தான் போன் வந்துச்சு.”

“ம். இப்பத்தான்.”

அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் அந்த ‘ம்’ இருக்கிறதே, பதினைந்து வருடமாக என்னை அறுக்கும் ‘ம்’ அது.

பதினைந்து வருடத்துக்கு முன் எங்கள் இரண்டு ஊர்களும் ஆளுக்கொரு ஊழியரை டோக்கியோவில் போக்குவரத்து அமைச்சகத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பின. அடுத்தடுத்த மேஜை. நான் எழுதிய அறிக்கை சிவப்பு மை பூசிக்கொண்டு திரும்பி வரும். அவள் எழுதியதை மேலதிகாரி சத்தமாகப் படித்துக் காட்டுவார், எனக்கு. இரண்டு வருடம் இதைக் கேட்டேன். ஊர் திரும்பினால் விட்டது என்று நினைத்தேன். விடவில்லை.

தைபேக்கு ஒரு விமானம் கொண்டுவர நான்கு வருடம் அலைந்தேன். மூன்று தடவை அங்கே போய், மூன்று விருந்து சாப்பிட்டு, மூன்று தடவை வெறுங்கையோடு வந்தேன். அவள் ஒரே தடவை போனாள். அதே கம்பெனி. வாரம் இரண்டு விமானம். முதல் விமானம் குமோஹராவில் இறங்கியபோது தீயணைப்பு வண்டிகள் இரண்டு பக்கமும் நீர் வளைவு போட்டதை, அலுவலக டிவியில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தேன்.

புறப்படும் விமானத்துக்கு ஊழியர்கள் வரிசையாக நின்று கை அசைப்பது எல்லா நிலையத்திலும் வழக்கம். குமோஹராவில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் மக்கள் நாற்பது பேர் ஆரஞ்சு நிறப் பெரிய கையுறை மாட்டிக்கொண்டு ஒரே தாளத்தில் அசைப்பார்கள். அதுவும் அவள் யோசனை. அடுத்த மாதமே நான் நீலக் கையுறை வாங்கினேன். முதல் நாளே ஒரு சின்னப் பெண் அவள் அம்மாவிடம் கேட்டாள்: “இது குமோஹரா மாதிரியே இருக்கே?”

என் மகளின் மதிப்பெண் எனக்கு நினைவில்லை. குமோஹராவின் மாதாந்திரப் பயணிகள் எண்ணிக்கை, கடந்த நான்கு வருடத்துக்கு, இப்போது கேட்டாலும் சொல்லுவேன்.

விமானம் கிளம்பியது. கீழே நீலக் கையுறைகள் அசைந்தன. மினேகாவா ஜன்னல் பக்கம் சாய்ந்து, என் தோள் மேலாக, இரண்டு கையாலும் பதிலுக்கு அசைத்தாள்.

“அழகா அசைக்கிறாங்க” என்றாள்.

கிண்டலா, நிஜமா? அவளிடம் இதுதான் தொல்லை.

மேகத்துக்கு மேலே வந்ததும் குளிர்ந்த தேநீர் கொடுத்தார்கள். அவள் குவளையைக் கையில் வைத்தபடி மெதுவாகச் சொன்னாள்.

“போன வருஷம் மூடுபனியால எங்க விமானம் உன் ஊர்ல வந்து இறங்கினப்பல்லாம் உங்க ஆளுங்க சோத்துருண்டை கொடுத்தாங்களாம். எங்க ஜனங்க இன்னும் சொல்லிட்டிருக்காங்க. நன்றி சொல்லணும்னு நினைச்சேன்.”

“நாப்பத்தோரு தடவை” என்றேன்.

“எண்ணி வெச்சிருக்கே.”

“எங்க ஓடுபாதைதானே. எண்ணாம இருப்பாங்களா?”

எண்ணியது மட்டுமல்ல. நாற்பத்தொன்றையும் தேதிவாரியாக ஒரே தாளில் அட்டவணை போட்டிருந்தேன். அந்தத் தாள் என் பன்னிரண்டு பிரதிகளில் இல்லை. சட்டையின் உள்பையில், நான்காக மடித்து வைத்திருந்தேன்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. விமான நிலையக்காரர்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. இன்னொரு நிலையத்தின் வானிலையைப் பற்றி வெளியில் பேசக் கூடாது. கோடையில் குமோஹராவுக்கு மூடுபனி என்றால், குளிர்காலத்தில் நமிசாகிக்குக் கடல்காற்று. ஜனவரியில் எங்கள் ஓடுபாதையில் குறுக்கே அடிக்கும் காற்றில் விமானங்கள் இறங்க முடியாமல் திரும்பிப் போன நாட்கள் எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். ஒருநாளும் ஒரு பத்திரிகையிலும் அவள் அதைச் சொன்னதில்லை.

ஆகவே அந்தத் தாளை நான் எடுக்கப்போவதில்லை. சும்மா உள்பையில் இருந்தது. ஒரு தைரியத்துக்கு.

இறங்கும் நேரத்தில் அவள் மறுபடியும் திரும்பினாள்.

“டோகாஷி. ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதே. கடைசியில உன்கிட்ட ஒரு கேள்வி கேப்பாங்க.”

“என்ன கேள்வி?”

“சொல்லக் கூடாது. போட்டிக்காரங்க ஒருத்தரோட ஒருத்தர் பேசக் கூடாதுன்னு விதியில முதல் பக்கத்துலயே போட்டிருக்கான். இதைச் சொல்றதே அதிகம்.” குவளையை மூடினாள். “கேட்டா, மனசுல பட்டதை நேரா சொல்லு. என்னைத் திட்டணும்னு நாக்கு துடிச்சாலும் இன்னைக்கு ஒருநாள் மட்டும் அடக்கிக்கோ. அவ்வளவுதான்.”

எங்கள் ஊரில் எந்த முடிவும் கூட்டத்தில் எடுக்கப்படுவதில்லை. கூட்டத்துக்கு முன்பே ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்து, தேநீர் குடித்து, சம்மதம் வாங்கி வைத்துவிடுவோம். கூட்டம் என்பது தலையாட்டத்தான். இந்தப் போட்டியில் அதைத் தடை செய்துவிட்டார்கள். அதனால் எல்லோரும் எல்லோருடைய முகத்தையும் படித்துக்கொண்டிருந்தோம். நானும் அவள் முகத்தைப் படித்தேன்.

படித்தது இதுதான்: கேள்வி அவளுக்கு முன்கூட்டியே தெரியும். ஆக, உள்ளே ஆள் இருக்கிறது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் அவளுக்கு லாபம். அடக்கிக்கொள்ள வேண்டுமாம்!

“ரொம்ப நன்றி” என்றேன்.

“அந்த மாதிரி மூஞ்சி வெச்சுக்காதே. பல் டாக்டர்கிட்ட வந்தவன் மாதிரி இருக்கே.”

அமைச்சகக் கட்டடத்தின் எட்டாவது மாடியில் காத்திருக்கும் அறைக்கும் நடுவர் அறைக்கும் நடுவே ஒரு மெல்லிய சுவர்தான். சரியாக 1.30க்கு மினேகாவா உள்ளே போனாள். வார்த்தை எதுவும் கேட்கவில்லை. ஆனால் சத்தத்தின் உருவம் கேட்டது. அவள் குரல், அமைதி, அவள் குரல். பிறகு சிரிப்பு. ஒருவர் இல்லை, ஐந்து பேரும் சிரித்தார்கள்.

அமைச்சக நடுவர்களைச் சிரிக்க வைத்துவிட்டாள்! அந்தச் சுவரைக் கடித்துத் தின்றுவிடலாம் போல் இருந்தது.

2.08க்கு வெளியே வந்தாள். கன்னம் சிவந்திருந்தது. என்னைத் தாண்டும்போது நின்று, மூட்டையின் முடிச்சு அவிழ்ந்திருப்பதைப் பார்த்து, குனிந்து இறுக்கிக் கட்டினாள். “போய்ட்டு வா” என்றாள்.

போட்டிக்காரியின் கையால் கட்டிய மூட்டையோடு உள்ளே போனேன்.

என் பேச்சு நன்றாகவே வந்தது. இன்றுவரை அதில் எனக்குச் சந்தேகமில்லை.

“ஒரு மணி பத்து நிமிஷ விமானப் பயணத்துக்காக இங்கே வரவில்லை” என்று ஆரம்பித்தேன். “ரயிலில் ஐந்து மணி ஐம்பது நிமிடம். அதனால் எங்கள் ஊரில் காலையில் கிளம்பி, வேலையை முடித்து, இரவு வீட்டில் சாப்பிடுவது என்பது கிடையாது. நானே இன்று இந்த அறையிலிருந்து வெளியே போனால் கடைசி விமானம் போயிருக்கும். இரவு பெட்டி அளவு அறை உள்ள ஒரு மலிவு ஹோட்டலில் படுப்பேன். இதய அறுவை சிகிச்சை நிபுணர் செவ்வாய்க்கிழமை விமானத்தில் வருகிறார். நண்பகலுக்கு முன் கத்தியைத் தொட முடியாது, மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டும். வாரத்துக்கு ஒரு நோயாளி. காலை ஏழு மணிக்கு ஒரு விமானமும் இரவு ஏழரைக்குத் திரும்பும் விமானமும் இருந்தால் வாரத்துக்கு நான்கு. சாலை போட்டால் ஊர் வளரும் என்று எங்களுக்குச் சொன்னார்கள். சாலை வந்தது. அதில் ஊர் வெளியே போய்விட்டது. விமானம் அப்படியில்லை. போனவரை அன்றைக்கே திருப்பிக் கொண்டுவரும். எங்களுக்கு வேண்டியது போகும் வழி இல்லை, திரும்பும் வழி.”

ஒரு நடுவர் பேனாவால் ஏதோ எழுதினார். தொழிற்சாலையைச் சொன்னேன். தொண்ணூறு குடும்பங்களைச் சொன்னேன். காலையில் பிடித்த கணவாய் மீன் அன்று மதியமே டோக்கியோ உணவகத்தில் என்ன விலை போகும் என்றும் சொன்னேன். முப்பத்தி மூன்று நிமிடத்தில் முடித்தேன்.

நடுவர் குழுத் தலைவி ஒரு பேராசிரியை. நரைத்த குட்டை முடி, தடித்த கண்ணாடி. என் பிரதியை மூடிவைத்துவிட்டு, நிதானமாகக் கேட்டார்:

“கடைசியாக ஒரு கேள்வி. உங்கள் பக்கத்தில் குமோஹரா விமான நிலையம் இருக்கிறது. அதைப் பற்றி நமிசாகியின் நிலைப்பாடு என்ன?”

வந்துவிட்டது.

ஐந்து முகமும் என்னையே பார்த்தன. ஏதோ எதிர்பார்க்கும் பார்வை. சற்று முன் இதே முகங்கள்தான் அவளுக்காகச் சிரித்திருக்கின்றன. மினேகாவா சொன்னது காதில் ஒலித்தது. அடக்கிக்கோ. எதற்காக அடக்க வேண்டும்? பதினைந்து வருடம் அடக்கியாயிற்று. சிவப்பு மை, தைபே, ஆரஞ்சுக் கையுறை. கை தானாக உள்பைக்குப் போனது.

“நிலைப்பாடு இதுதான்” என்றேன். நான்கு மடிப்பையும் பிரித்து மேஜையில் வைத்தேன். “போன வருடம் குமோஹராவுக்குப் போக வேண்டிய விமானங்கள் மூடுபனியால் எங்கள் ஓடுபாதையில் இறங்கியது நாற்பத்தொரு தடவை. தேதி வாரியாக இருக்கிறது. இன்று காலையும் அவர்களுடைய விமானம் பறக்கவில்லை. அவர்களுடைய பிரதிநிதியே எங்கள் விமானத்தில்தான் இங்கே வந்தார். அந்த நிலையத்துக்கு ஸ்லாட் கொடுப்பது மூடுபனிக்கு ஸ்லாட் கொடுப்பது.”

ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அப்படியானால்” என்றார் தலைவி, ஒவ்வொரு சொல்லாக, “குமோஹராவையும் சேர்த்து எதையும் யோசிக்கும் எண்ணம் நமிசாகிக்கு இல்லை. அப்படி எடுத்துக்கொள்ளலாமா?”

“எடுத்துக்கொள்ளலாம்” என்றேன். குரல் கணீரென்று வந்தது.

மூன்று வாரம் கழித்து, ஜூலையில் ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு முடிவு வந்தது. அலுவலகம் முழுக்க என் கம்ப்யூட்டருக்குப் பின்னால் நின்றது. எங்கள் இயக்குநர் கோமுரா, வயிறு தேறிய சுகயா, சொல்லாமலே வந்து சேர்ந்த யசுஹாரா.

ஒரே ஒரு வரி. ஸ்லாட் ஒகிமுராவுக்கு. தெற்கே, ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தீவு. எங்கள் கற்பனையிலேயே வராத பெயர்.

யசுஹாரா தொப்பியை எடுத்தார், எல்லோருக்கும் தலை குனிந்தார், கிளம்பினார். வாசலில் நின்று திரும்பி, “நீங்க உங்களால முடிஞ்சதைச் செஞ்சீங்க” என்றார். அந்தக் கருணைக்குப் பதிலாக அவர் என் கன்னத்தில் அறைந்திருக்கலாம். அன்று மாலையே தலைமையகத்துக்குச் சொல்லிவிடுவார். ஏப்ரலுக்குள் தொண்ணூறு வீட்டிலும் சாமான் மூட்டை கட்டுவார்கள்.

இவ்வளவும் புரிந்தது. நெஞ்சு கனத்தது. இருந்தாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கனத்துக்கு அடியில், மூலையில், ஒரு சின்ன வெளிச்சம் எரிந்தது. குமோஹராவுக்கும் கிடைக்கவில்லை. அவளுக்கும் கிடைக்கவில்லை!

மதியம் அந்த வெளிச்சத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அவளுக்குப் போன் செய்தேன். ஆறுதல் சொல்கிற சாக்கு.

“மினேகாவா? பார்த்தேன். ரொம்ப வருத்தமா இருக்கு. நீயும் எவ்வளவு உழைச்சே...”

“அந்தக் குரலை விடு டோகாஷி. உதட்டோரம் சிரிக்கிறது இங்க வரைக்கும் கேக்குது.”

“சேச்சே.”

“முழு அறிக்கையைப் படிச்சியா?”

“முடிவைத்தான் பார்த்தேன்.”

“அப்படித்தான் நினைச்சேன். உன் பேரைத் தேடியிருப்பே, என் பேரைத் தேடியிருப்பே, மூடியிருப்பே.” அவள் குரலில் கோபம் இல்லை. களைப்புத்தான் இருந்தது. “இதுக்கு எங்க ஆளுநரைச் சம்மதிக்க வைக்க எனக்கு எட்டு மாசம் ஆச்சு. மேஜையைத் தட்டினார், ‘பக்கத்து ஊருக்கு நான் ஏன் தூக்கிக் கொடுக்கணும்’னு. ஆளாளுக்குப் போய்ப் பார்த்தேன். ஹோட்டல்காரங்க, பஸ் கம்பெனி, விமானக் கம்பெனி. முன்கூட்டியே போய்ப் பார்க்க முடியாத ஆள் ஒருத்தன்தான். விதி.”

“என்ன சொல்றே? எதுக்குச் சம்மதம்?”

“ஒன்பதாம் பக்கம். நானே சொல்லலாம். ஆனா வேணாம், நீயே படி. நான் லைன்ல இருக்கேன்.”

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பக்கத்தைத் தள்ளினேன். ஒகிமுரா, இரண்டாம் இடம். அதைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முதல் இடம் வேறு யாருக்கு? ஒன்பதாம் பக்கம் திறந்தது. இயந்திரம் எழுதியது போன்ற அமைச்சக நடை. தலைப்பில் குமோஹரா.

நான் படித்தேன். மறுமுனையில் அவள் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

“நடுவர் மதிப்பெண்: தொண்ணூற்று நான்கு, முதலிடம். முன்மொழிவின் சாரம்: ஒரு ஸ்லாட், இரு நிலையங்கள். மூடுபனிக் காலமான மே முதல் அக்டோபர் வரை காலை, இரவு விமானங்கள் நமிசாகியிலிருந்து. கடல்காற்றுக் காலமான நவம்பர் முதல் ஏப்ரல் வரை குமோஹராவிலிருந்து. இரண்டு ஊர்களுக்கும் நடுவே சுரங்கப்பாதை வழியாக ஒரே டிக்கெட்டில் இணைப்புப் பஸ். முதல் பருவம் நமிசாகிக்கே. நிபந்தனை: பக்கத்து நிலையத்தின் இசைவு. போட்டி விதிப்படி அந்த இசைவு விசாரணையின் இறுதியில் நமிசாகிப் பிரதிநிதியிடம் வாய்மொழியாகக் கேட்கப்பட்டது. அவர் மறுத்துவிட்டதால் இம்முன்மொழிவு கைவிடப்பட்டு, ஸ்லாட் அடுத்த இடம் பெற்றவருக்கு வழங்கப்படுகிறது.”